தொழில் என்னவென்று டாக்டர் கேட்டார்

பன்றியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மகள் சிரித்தாள். "ஏம்மா, கொள்ளு ரசம், எலுமிச்சை ஊறுகாய்னு எழுதினா நாலு பேரு செஞ்சு பார்ப்பாங்க. பன்னியப் பத்தி எழுதினா யாரு படிப்பாங்க?" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். படிக்கிற சகோதரிகளில் பலர் முதல் வரியிலேயே மூக்கைச் சுளித்திருப்பீர்கள். நானும் சுளித்தவள்தான். என்னுடைய அந்தச் சுளிப்பினால் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். கோழிக்கும் முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன சீமை. என் கணவர் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு ஒரே தம்பி. பத்து வருஷம் கோழிப் பண்ணை ஒன்றில் சூபர்வைசராக இருந்துவிட்டு, 2017ல் சொந்தத் தொழில் என்று அவர் ஆரம்பித்தது வெண்பன்றிப் பண்ணை. வெள்ளை வெளேரென்று, காதைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர் என்கிற சீமை ஜாதி, அதுதான். தெருவில் திரிகிற கறுப்புப் பன்றி அல்ல. ஆனால் எங்கள் அத்தைக்கு (மாமியார்தான்) வெள்ளையென்ன, கறுப்பென்ன! "கெணத்தடியில குளிச்சுட்டுத்தான் வாசப்படி ஏறணும்" என்று மகனுக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். நானும் உறவில் யாராவது கேட்டால், "கொழுந்தனார் விவசாயம் பார்க்கிறார்" என்று சொல்லிவிடுவேன். பொய்யும் இல்லை. நாலு ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது, கடலையும் சோளமும் போடுவோம்.

ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்தது என்னவோ பன்றியால்தான். ஒரு தாய்ப்பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று கொழுந்தனார் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ஒரு ஈத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டி. வருஷத்துக்கு இரண்டு ஈத்து. ஓட்டல்களில் மிஞ்சுகிற சோறு, காய்கறிக் கழிவு இவற்றைக் காய்ச்சித் தீனியாகப் போட்டு, ஏழெட்டு மாதம் வளர்த்தால் வியாபாரி வண்டியோடு வந்து நிற்பான். பாங்குக் கடனும் ஒழுங்காக அடைந்துகொண்டு வந்தது.

2021 ஆவணியில் யாரோ ஒருவர் பண்ணையை மூடுகிறார், மலிவாகத் தருகிறார் என்று ஒரு கிடாப் பன்றியும் இரண்டு தாய்ப்பன்றிகளும் வாங்கி வந்தார். கிடா பார்க்க ஜோராக இருந்தது. நல்ல தீனி தின்றது. ஒரு தும்மல், ஒரு இருமல் கிடையாது. வண்டியிலிருந்து இறக்கி நேராக மற்றவற்றோடு கொட்டகையில் விட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க எப்படிக் கொட்டியது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஒரு நாள் காலையில் ஒரு தாய்ப்பன்றி தீனி எடுக்கவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்து, ஈன இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே குட்டி வீசிவிட்டது. பதினோரு குட்டி, எல்லாம் செத்தது. சரி, வழுக்கி விழுந்திருக்கும் என்று நினைத்தார்கள். நாலு நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. பதினாலு தாய்ப்பன்றிகளில் ஒரே மாதத்தில் ஐந்து குட்டி வீசின. நாள் நிறைந்து ஈன்ற இரண்டிலும் பாதிக் குட்டி செத்தே விழுந்தது. மீதிப் பாதி எழுந்து நிற்கத் தெம்பில்லாமல், முலையைத் தேடக் கூடச் சக்தியில்லாமல் இரண்டே நாளில் போய்விட்டது.

இதில் விசேஷம் என்னவென்றால், தாய்ப்பன்றிகளுக்கு ஒன்றுமே இல்லை! குட்டியை வீசிவிட்டு மறுநாளே தொட்டியில் வாயை வைத்தன.

அத்தை பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். படிகாரம் கட்டினார்கள். கடைசியில் பழி யார் மேல் வந்து விழுந்தது தெரியுமா? என் ஓரகத்தி மேல். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. "வயித்துப்புள்ளக்காரி சினைப் பன்னி இருக்கற எடத்துக்குப் போகலாமா? ஒண்ணு நிக்கும், ஒண்ணு நிக்காது" என்று அத்தை முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் போகாமல் யார் போவது? வேலையாள் மழைக்கு வராமல் நின்றுவிட்டான். அவள்தான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, ஓஸ் பைப்பால் தரையைக் கழுவிவிடுவாள். வீசிய குட்டிகளைக் கொழுந்தனார் கையால் அள்ளிக் கூடையில் போட்டு வேலியோரம் கொட்டுவார். அதைத் தெருநாய் இழுத்துக்கொண்டு போகும். இதையெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கே உடம்பு நடுங்குகிறது.

கால்நடை டாக்டர் வந்து பார்த்து, ரத்தம் எடுத்து அனுப்பினார். "வெறுங்கையால தொடாதீங்க, இது மனுஷங்களுக்கும் வர்ற சீக்கா இருக்கலாம்" என்றும் கொழுந்தனாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தை பண்ணையையே மூடச் சொல்வார்கள் என்று பயம்.

காய்ச்சல் வந்தது

கார்த்திகை பிறந்து சில நாளில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. திடீரென்று குளிர் நடுக்கத்தோடு. மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி. மூன்றாம் நாள் நடக்க முடியவில்லை. "கெண்டைக்கால் சதையை யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்குதுங்க அண்ணி" என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது. கண்வலி மாதிரி பீளை இல்லை, நீர் வடியவில்லை, சிவப்பு மட்டும். மழைக்கால விஷக் காய்ச்சல் என்று டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. மறுபடி போனபோது நானும் கூடப் போனேன்.

"என்ன தொழில் பண்றாரு?" என்று டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"விவசாயம்ங்க" என்றேன் நான்.

கொழுந்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் பெஞ்சு நிறைய ஜனம். அதில் இரண்டு பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் காதில் விழும்படி பன்றி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டெங்கு டெஸ்ட் எழுதினார். இல்லையென்று வந்தது. அத்தோடு சரி.

ஆறாம் நாள் கண் மஞ்சளடித்தது. மஞ்சள் காமாலை என்று தெரிந்ததும் ஊரே வைத்தியராகிவிட்டது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம். பச்சிலை கொடுக்கிற ஒருவரிடம் காரில் கூட்டிப் போய்க் கண்ணில் சாறு விட்டு வந்தோம். கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காக ஒரு நாள் முழுசாகப் போனது. ஏழாம் நாள் ராத்திரி ஓரகத்தி என் கதவைத் தட்டினாள். "அக்கா, காலையில இருந்து அவரு ஒண்ணுக்கே போகல" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ராத்திரி டியூட்டியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. என் மகளை விட ஐந்தாறு வயசு கூட இருக்கும். கண்ணைப் பார்த்தாள். கெண்டைக்காலை லேசாக அழுத்தினாள். மனிதர் அலறிவிட்டார்.

"எங்கே வேலை பார்க்கிறாரு?"

"விவசாயம்ங்க." மறுபடியும் நான்தான்!

"வயல்ல தண்ணி கட்டி நிக்குதா? நெல்லா, கரும்பா?"

"இல்லீங்க, மேட்டாங்காடு. கடலை."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பின்னாலிருந்து என் ஓரகத்தி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சத்தமாகச் சொன்னாள்: "பன்னிப் பண்ணைங்க டாக்டரம்மா. ஒரு மாசமா குட்டியெல்லாம் செத்துச் செத்து விழுகுது. இவருதான் கையால எடுத்துப் போட்டாரு. நாந்தான் கழுவினேன்."

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகம்தான். ரத்தம் எடுத்தார்கள், ஆனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. அந்த ராத்திரியே ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். சிறுநீரகம் வேலை நிறுத்தம் செய்துவிட்டதால் இரண்டு தடவை டயாலிசிஸ். பதினாறு நாள் ஆஸ்பத்திரி வாசம். முதல் நாலு நாள் உத்தரவாதம் ஏதும் சொல்ல மாட்டேன் என்றார்கள். ஐந்தாம் நாள் சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது. அதைக் கேட்டு எங்கள் அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கீழே விழுந்து கும்பிட்டார்கள்.

இதற்குப் பேர்தான் லெப்டோஸ்பைரோசிஸ். நம் பக்கம் எலிக்காய்ச்சல் என்கிறோம். அந்தப் பேரே ஒரு விதத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. எலியிடமிருந்து மட்டும்தான் வரும் என்று நினைத்துவிடுகிறோம்.

கேள்விக்குறி மாதிரி ஒரு கிருமி

கொழுந்தனார் தேறி வார்டுக்கு வந்த பிறகு டாக்டரம்மா ஒரு நாள் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னாள். கால்நடை டாக்டரிடமும் நான் போய்த் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

மயிரிழையை ஆயிரம் பங்காகக் கிழித்துத் திருகிவிட்ட மாதிரி இருக்குமாம் இந்தக் கிருமி. நுனி கொக்கி போல வளைந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்த ஒருவருக்கு 1907ல் அது கேள்விக்குறி மாதிரித் தெரிந்ததால், அந்த அர்த்தத்திலேயே லத்தீனில் 'இன்டெரோகன்ஸ்' என்று பேர் வைத்தார்களாம். மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வருகிற இந்தக் காய்ச்சலை 1886லேயே ஜெர்மனியில் வைல் என்ற டாக்டர் விவரித்திருக்கிறார். இதன் கடுமையான வகையை இன்றைக்கும் அவர் பேரால்தான் சொல்கிறார்கள். ஆனால் காரணம் இந்தக் கிருமிதான் என்று 1915 வாக்கில்தான் ஜப்பானில் இனாடா, இடோ என்ற இருவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் கண்டுபிடித்தார்கள். சுரங்கத்தில் காலடியில் தண்ணீர், சுற்றிலும் எலி. அங்கே வராமல் வேறெங்கே வரும்!

இதில் பன்றி எங்கே வந்தது என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. சுவிட்சர்லாந்து, பிரான்சு மலைப் பக்கங்களில் பாலாடைக்கட்டி செய்கிற இடங்களில், கட்டி எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரை வீணாக்காமல் பன்றிக்கு ஊற்றுவார்களாம். (நம் ஓட்டல் மிச்சம் மாதிரிதான்.) அந்தப் பன்றிகளைப் பார்த்துக்கொள்கிற இளவட்டப் பையன்களுக்குக் கடும் தலைவலியும் கழுத்து விறைப்புமாக ஒரு காய்ச்சல் வரும். 'பன்றி மேய்ப்பவர் நோய்' என்றே அதற்குப் பேர். 1944ல் க்செல் என்ற சுவிஸ் டாக்டர், அதுவும் இந்த லெப்டோஸ்பைரா குடும்பம்தான், அதில் 'பொமோனா' என்கிற வகை என்று காட்டினார். பொமோனா என்பது ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தில் ஒரு சின்ன ஊர். அந்தக் கிருமியை அங்கேதான் 1930களில் முதலில் பிரித்தெடுத்தார்கள். எங்கள் பண்ணைப் பன்றிகளின் ரத்தத்திலும் கடைசியில் அந்தப் பேர்தான் எழுதி வந்தது. எங்கேயோ இருக்கிற ஊரின் பேர் எங்கள் மேட்டாங்காட்டில்!

எலிக்கு ஒரு வகை, நாய்க்கு ஒரு வகை, மாட்டுக்கு ஒரு வகை, பன்றிக்கு ஒரு வகை என்று ஒவ்வொரு பிராணிக்கும் ஒத்துப்போன வகைகள் உண்டு. சொந்த வகை என்றால் அந்தப் பிராணிக்குப் பெரிதாகத் தொந்தரவு தராது. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் சௌகரியமாகக் குடியிருந்துகொண்டு, மூத்திரத்தில் வந்துகொண்டே இருக்கும். பன்றி விஷயத்தில் மாசக்கணக்கில் வரும். சிலதில் ஒரு வருஷத்துக்கு மேலும் போகும். பார்வைக்கு அது கொழுகொழுவென்று இருக்கும். எங்கள் ஜோரான கிடா அப்படிப்பட்டதுதான்.

புதுசாக ஒன்று இந்தக் கிருமியோடு வந்து சேர்ந்தால் என்ன ஆகிறது? நம் பண்ணைகளில் ஓர் அறையின் மூத்திரமும் கழுவின தண்ணீரும் அடுத்த அறை வழியாகத்தானே வாய்க்காலுக்குப் போகிறது. பன்றி அந்த ஈரத்தில் புரளும், மோந்து பார்க்கும், நக்கும். கண், மூக்கு, வாய் இவற்றின் மெல்லிய தோல் வழியாகவும், உடம்பில் இருக்கிற சிராய்ப்பு வழியாகவும் கிருமி உள்ளே போய்விடும். இனச்சேர்க்கையாலும் பரவும். கிடாவை இரவல் கொடுத்து வாங்குகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதோடு இதுவும் ஊர் ஊராகப் போகும். சினையாக இருக்கிறதற்கு அது ரத்தத்தில் கலந்து குட்டிப்பைக்குப் போகிறது. தாய்க்கு ஒரு நாள் தீனி மந்தம், அவ்வளவுதான். ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் குட்டி போய்விடும். அதுவும் பெரும்பாலும் நாள் நெருங்கின சமயத்தில்.

இன்னொன்றையும் கால்நடை டாக்டர் சொன்னார். அது எனக்குப் பெரிய ஆச்சரியம். முதல் தடவை இப்படி வரிசையாக வீசிய பிறகு, ஒன்றும் செய்யாமல் விட்டாலும் அடுத்த வருஷம் பண்ணை அமைதியாகிவிடுமாம். அந்தத் தாய்ப்பன்றிகளுக்கு எதிர்ப்பு வந்துவிடும். ஒழுங்காக ஈனும். ஆனால் கிருமி எங்கேயும் போயிருக்காது. குட்டிகள் தாய்ப்பாலோடு கிடைத்த காப்பு தீர்ந்ததும், வளரும் கொட்டகையில் அதைப் பிடித்துக்கொண்டு அவையும் மூத்திரத்தில் விட ஆரம்பிக்கும். புதுசாக வாங்கி வருகிற இளம் பன்றி மட்டும் முதல் ஈத்தை வீசும். "முதல் ஈத்து அப்படித்தான்" என்று நாமும் சொல்லிக்கொண்டு போய்விடுவோம். "எங்க மருமவளுக்குத் திருஷ்டி பட்ட மாதிரி, திருஷ்டி கழிஞ்சு போச்சுன்னுல்ல நான் நெனச்சிருப்பேன்" என்று அத்தையே பிறகு சொன்னார்கள்.

குட்டி வீசுவதெல்லாம் இந்த நோயினால்தான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பூசணம் பிடித்த தீனியிலிருந்து, பன்றிக் காய்ச்சல் வரை பத்துக் காரணம் உண்டு. ரத்தத்தை இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நிச்சயமாகும். சென்னை மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இதற்கான சோதனை இருக்கிறது. மனிதர்களுக்கான சோதனையிலும் ஒரு சிக்கல். காய்ச்சல் ஆரம்பித்து ஐந்தாறு நாள் ஆன பிறகுதான் ரத்தத்தில் அது சரியாகத் தெரியும். முதல் நாலு நாளில் "இல்லை" என்று வந்தாலும் நம்ப முடியாது. அதனால்தான் டாக்டர்கள் பேப்பரைப் பார்ப்பதை விட நம் வாயைப் பார்க்கிறார்கள். எங்கே வேலை, எந்தத் தண்ணீரில் நின்றாய், வீட்டில் என்ன பிராணி? அந்த இடத்தில்தான் நான் இரண்டு முறை விவசாயம் என்றேன்.

ஓரகத்தியின் கால் வெடிப்பு

கொழுந்தனார் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாளே டாக்டரம்மா என் ஓரகத்தியைக் கூப்பிட்டு விசாரித்தாள். அப்போதுதான் அவள் சொன்னாள், அவளுக்கும் பத்து நாள் முன்னால் இரண்டு நாள் காய்ச்சலும் தலைவலியும் இருந்ததாம். கர்ப்பத்தில் வருகிற அசதி என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிட்டாளாம். இந்த நோய் நிறையப் பேருக்கு இப்படி லேசாக வந்து போய்விடும். ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலைய வாய்ப்பு உண்டு. ரத்தம் பார்த்தால் அவளுக்கும் இருந்தது. இதற்கு வழக்கமாகக் கொடுக்கிற ஒரு மாத்திரை கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று பென்சிலின் ஊசியாகவே போட்டார்கள். சின்ன வயசு டாக்டர் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தது அந்தப் பெண் செய்த புண்ணியம். 2022 பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ.

கிருமி உள்ளே போன வாசல் எது என்று டாக்டரம்மா காட்டினாள். ஓரகத்தியின் குதிகாலைத் திருப்பிக் காட்டினாள். பித்தவெடிப்பு! பாளம் பாளமாக வெடித்திருந்தது. நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறதுதானே. அதைப் புண் என்று நாம் யாராவது நினைக்கிறோமா? மணிக்கணக்காக ஈரத்தில் ஊறிய தோலே கூட வழி விட்டுவிடுமாம். அப்புறம் அந்த ஓஸ் பைப். வேகமாகத் தண்ணீர் அடித்தால் மூத்திரமும் சேர்ந்து சாரலாகத் தெறித்துக் கண்ணிலும் உதட்டிலும் படும். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி அடிப்போம்.

பன்றியே வளர்க்காத வீட்டுக்கும் இதில் சமாசாரம் இருக்கிறது. மழை பெய்து தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், ஊரில் இருக்கிற எலிப் பொந்தெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் கரைகிறது. 2018ல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் வடிந்ததும் இந்தக் காய்ச்சல்தான் பெரிய பயமாக இருந்தது. வீடு கழுவப் போனவர்களுக்கெல்லாம் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். (அது டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டியது, நாமாக வாங்கிப் போட்டுக்கொள்வதல்ல.) காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அந்தத் தண்ணீரில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். குழந்தைகளைத் தேங்கின தண்ணீரில் கப்பல் விட அனுப்பாதீர்கள். வீட்டு நாய்க்கு வருஷத் தடுப்பூசி போடும்போது, லெப்டோவுக்கும் சேர்ந்ததா என்று கேட்டுப் போடுங்கள். ஆட்டுக்கால், ஈரல், சிறுநீரகம் என்று வாங்கிக் கழுவுகிறவர்கள் கை வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். வெந்த கறியில் பயமில்லை. சூட்டுக்கு இந்தக் கிருமி நிற்காது. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவதும் மிக அபூர்வம். கொழுந்தனார் வீடு திரும்பினபோது அவர் தட்டைத் தனியாக வைக்க வேண்டும் என்று ஒரு சொந்தக்காரர் யோசனை சொன்னார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

பண்ணையை மூடிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. என் கணவரும் அந்தக் கட்சிதான். கடன் பாக்கி இருந்தது, தெரிந்த தொழில் அது ஒன்றுதான் என்பதால் கொழுந்தனார் ஒப்பவில்லை. கால்நடை டாக்டர் எல்லாப் பன்றிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார். ஊசி போட்டதை இத்தனை நாளைக்குக் கறிக்கு விற்கக்கூடாது என்று தேதி எழுதி ஒட்டினார். அந்த நாட்களில் வியாபாரி வந்து வாசலில் நின்று கெஞ்சியும் கொடுக்கவில்லை. அது பெரிய நஷ்டம். மருந்து எல்லாவற்றிலிருந்தும் கிருமியைத் துடைத்து எடுத்துவிடும் என்று நிச்சயமில்லையாம். அதனால் கொட்டகையைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வோர் அறைக்கும் தனித் தனியாக வெளிப்பக்கம் வாய்க்கால் எடுத்தோம். தரைக்கு நல்ல வாட்டம் கொடுத்தோம். ஈரம்தான் அந்தக் கிருமிக்கு உயிர். வெயிலும் காய்ச்சலும் பட்டால் சீக்கிரம் செத்துவிடும், ஈர மண்ணில் வாரக்கணக்கில் கிடக்கும். தீனி மூட்டைக்கு அடியில் எலிப் பொந்து பதினேழு இருந்தது. அடைத்து, மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றியாயிற்று. தப்பித் தவறிக் குட்டி வீசினால் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நாய் கிட்டே வரக்கூடாது.

கொட்டகை வாசலில் இப்போது முழங்கால் வரை வருகிற கம் பூட்ஸ் மூன்று ஜோடி நிற்கிறது. ரப்பர் கையுறை ஆணியில் தொங்கும். யார் உள்ளே போனாலும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். முதலில் ஓரகத்தி, "புடவைக்குக் கீழ இதப் போட்டா கோமாளி மாதிரி இருக்குதுக்கா" என்று சிரித்தாள். இப்போது பழகிவிட்டது. நானும் வாரத்துக்கு இரண்டு நாள் போகிறேன். கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன்: எது எப்போது சேர்ந்தது, எப்போது ஈன்றது, எத்தனை உயிர், எத்தனை செத்தது என்று. அத்தை இன்னும் கிணற்றடிச் சட்டத்தை எடுக்கவில்லை. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவது நல்லதுதான் என்று கால்நடை டாக்டரும் சொல்லிவிட்டதால், அவர்களுக்கு இப்போது பெருமை வேறு.

அந்த ஜோரான கிடாவை அப்போதே கழித்துவிட்டோம். பழைய தாய்ப்பன்றிகளுக்கும் வயதாகிவிட்டது. அடுத்த மாதம் இரண்டு இளம் பன்றிகள் வாங்கலாம் என்று கொழுந்தனார் சொல்லியிருக்கிறார். தோட்டத்து மூலையில் தனிக் கொட்டகை ஒன்று தயாராக இருக்கிறது. வருகிறவை ஒரு மாதம் அங்கேதான் இருக்கும். ரத்தம் எடுக்க டாக்டரிடமும் தேதி கேட்டு வைத்திருக்கிறோம்.